குறுக்கே வைத்த கைகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹாட் டாக்கும் சோடாவும் வாங்கிக்கொண்டு மல்யுத்த ரிங் ஓரத்தில் உட்கார்வதைவிட நிம்மதியான காரியம் டொலீடோவில் எனக்குத் தெரியாது.

எனக்கு ஆம்புலன்ஸ் வேலை. அதனால் ஊரில் இருந்த இரண்டு மல்யுத்தக் கம்பெனிகளும் முதலுதவிக்கு என்னைத்தான் கூப்பிடும். லேக்ஷோர் எங்கள் கம்பெனி. எங்கள் என்றால் நான் பங்குதாரர் இல்லை, ரசிகன். அயர்ன் கிரவுன் நேற்று முளைத்தது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

மல்யுத்த வீரன் வேட் ப்ரூவிட் எங்களிடம் இருந்தபோது ஏணி உச்சியிலிருந்து குதிப்பான். அந்தத் தைரியத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. பிறகு அயர்ன் கிரவுனுக்குத் தாவினான். அங்கேயும் அதே ஏணி, அதே குதிப்பு. உயிரோடு விளையாடும் முட்டாள்தனம் என்று இணையத்தில் எழுதினேன்.

பக்கத்து வீட்டு லொரெய்ன் அதைப் படித்துவிட்டு, "ஏன் டீன், போன வருஷம் இதுக்குத்தானே எழுந்து நின்னு கை தட்டின?" என்றாள். அவளுக்கு மல்யுத்தம் புரியாது.

இந்த ஆட்டத்தில் அடி, விழுதல் எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நடிப்பு. நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்தால், இது நடிப்பில்லை, நிஜமான அடி என்று அர்த்தம். அயர்ன் கிரவுனில் பரபரப்புக்காக அதைப் பொய்யாகவும் வைத்திருக்கிறார்கள். கேவலம். எங்களவர்களும் வைத்ததுண்டு. அது கதைக்குத் தேவைப்பட்டது.

அன்றைக்கு அயர்ன் கிரவுன் ரிங்கில் வேட் ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்தான். நடுவர் கைகளைக் குறுக்கே வைத்து என்னைப் பார்த்தார். நான் நடந்து போனேன். எங்கள் ரிங் என்றால் ஓடியிருப்பேன்.

"டீன், காலே இல்லாத மாதிரி இருக்கு," என்றான் வேட். "ஆட்டத்த நிறுத்தச் சொல்லு."

"நல்லா நடிக்கிற. இங்க இதுக்குத் தனியா சம்பளம் தர்றாங்களா?"

"சத்தியமா டீன். விளையாடல."

அவன் கழுத்து இருந்த கோணத்தைப் பார்த்தேன். பழகிய கண், தப்பாது. கை விரல்கள் அப்போது அசைந்துகொண்டுதான் இருந்தன. நான் நடுவரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஒன்றும் இல்லை, நடக்கட்டும் என்று. எதிராளி நல்ல பையன், பாவம். பேசிவைத்தபடி வேட்டைத் தூக்கி மறுபடி தலைகீழாக இறக்கினான்.

அதற்குப் பிறகு விரல்களும் அசையவில்லை.

தெரிந்துதான் செய்தாயா என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். அந்தக் கம்பெனி ஆளைக் கொல்லும் என்று எவ்வளவோ எழுதினேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது இழுத்து மூடிவிட்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேலையில் கவனக்குறைவு என்று மட்டும் என்மேல் எழுதிவிடாதீர்கள். என் கையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ரிங்கில் விழுந்திருந்தால் வேட் இன்றைக்கு எழுந்து நடந்துகொண்டிருப்பான்.