கத்தாழை நார்க் கயிறு

பிச்சையம்மாள்: ...காதுல விழுகலடி! தண்ணி போடுற எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. என்ன சொன்ன?

ராக்காயி: பாறைய விட்டு எறங்காதீங்கன்னு சொன்னேன் மதினி!

பிச்சையம்மாள்: எறங்கி எங்கிட்டுப் போக? நட்டாத்துல நிக்கேன், சுத்தியும் வெள்ளம் போகுது. எறங்கித் தாயக்கட்டமா ஆடப் போறேன்?

ராக்காயி: எப்படி மாட்டுனீங்க?

பிச்சையம்மாள்: பள்ளங்கியில இருந்து வந்தேன்ல... எறங்குறப்ப முழங்கால் தண்ணிதான். பாதி ஆறு தாண்டல, செவசெவன்னு பொங்கிக்கிட்டு வந்துருச்சு. மேக்க மலையில நல்லா ஊத்தியிருக்கு போல. கெடச்ச பாறையில தாவிட்டேன்.

ராக்காயி: வெள்ளனே போன ஆளு, பொழுது சாயப் போகுது, இன்னும் காணலையேன்னுதான் பாக்க வந்தேன். நல்லவேளை.

பிச்சையம்மாள்: என்ன நல்லவேளையக் கண்ட! ஓடிப் போயி என் தம்பியக் கூட்டியா.

ராக்காயி: அவரு பழனிக்குப் போயிருக்காருல்ல. நாளைக்குத்தான் வருவாரு.

பிச்சையம்மாள்: போறதுக்கு நேரம் பாத்தான் பாரு. சரி, ராமரக் கூப்பிடு, ஞானவேலக் கூப்பிடு... கவுஞ்சியில ஆம்பளைக்கா பஞ்சம்?

ராக்காயி: மதினி, காலுக்குக் கீழ பாறையில வெள்ளையா ஒரு கோடு ஓடும், தெரியுதா?

பிச்சையம்மாள்: இப்பத் தெரியுது... இரு... இல்ல, முங்கிருச்சு.

ராக்காயி: அப்ப ஊருக்குப் போயி ஆள் கூட்டியாற நேரமில்ல. நாந்தான் இருக்கேன்.

பிச்சையம்மாள்: நீயா?

ராக்காயி: நானும் என் மூட்டையும்.

பிச்சையம்மாள்: எந்த மூட்டை... அந்தக் கிறுக்கு மூட்டையா! களையெடுக்கப் போனாலும் தோளுல, கோயிலுக்குப் போனாலும் தோளுல... அடி ஆத்தாடி, என் உசுரு போயும் போயும் அதுக்குள்ளயா இருக்கு!

ராக்காயி: சிரிக்கிறீங்களா அழுகுறீங்களா?

பிச்சையம்மாள்: ரெண்டுந்தான். குளுருல தாடை கிடுகிடுங்குது.

ராக்காயி: சிரிங்க. சிரிச்சா சூடு இருக்கும். குத்தவச்சு உக்காராதீங்க, நின்னுக்கிட்டே காலை மாத்தி மாத்தி மிதிங்க. வெறச்சிரக் கூடாது.

பிச்சையம்மாள்: வழுக்குதுடி...

ராக்காயி: குடைய ஊனிக்கோங்க. அந்தத் தொரை வீட்டுக் குடைதான அது?

பிச்சையம்மாள்: ஆமா. வெள்ளக்காரன் போயிப் பத்து வருசமாச்சு, குடை இன்னும் உழைக்குது. ...நீ என்னடி பண்ற? ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு சேலைய அவுக்கிற!

ராக்காயி: சேலைய அவுக்கல மதினி. இடுப்புக் கயித்த அவுக்கிறேன்.

பிச்சையம்மாள்: என்னது?

ராக்காயி: கத்தாழை நார்க் கயிறு. சேலைக்கு உள்ள சுத்தியிருந்தேன். மூட்டையில வச்சா மூட்டை பெருத்துருது, நீங்க வேற கேலி பண்றீங்க.

பிச்சையம்மாள்: அடிப்பாவி... அதானா! ரெண்டு மூணு மாசமா நானும் பாக்கேன், இடுப்பு உரலு கணக்கா தடிச்சுக்கிட்டே போகுது. என் தம்பி சம்பாத்தியத்த பூராம் நீயே திங்கிறன்னுல்ல நெனச்சேன்!

ராக்காயி: நெனச்சதோட விட்டீங்களா, பக்கத்து வீட்டு அழகம்மாகிட்டயும் சொன்னீங்க.

பிச்சையம்மாள்: ...உனக்கு எப்படித் தெரியும்?

ராக்காயி: அத அப்புறம் பேசுவோம். இப்ப தண்ணியில போற சருகப் பாருங்க. நான் இங்க மேல, வளைவுல இருந்து ஒரு கொப்பு போடுறேன். எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க.

பிச்சையம்மாள்: கயித்த வீசுறத விட்டுட்டு கொப்பு போடுறாளாம்...

ராக்காயி: இம்புட்டுத் தூரம் வீச எனக்குக் கை பத்தாது. பாருங்க... போட்டேன்.

பிச்சையம்மாள்: வருது... வருது... பாறைய ஒட்டித்தான் போகுது. கை எட்டல.

ராக்காயி: குடை எட்டுமா? வளஞ்ச பிடி இருக்குல்ல?

பிச்சையம்மாள்: ...எட்டும். எட்டும்டி!

ராக்காயி: அப்ப சரி. கயித்தோட ஒரு தலைய இந்த நாவ மரத்துல கட்டுறேன். மறு தலையில என் சுரைக்குடுக்கை.

பிச்சையம்மாள்: தண்ணி குடிக்கிற குடுக்கையா?

ராக்காயி: தண்ணியக் கொட்டிட்டு அடைப்ப இறுக்கிட்டேன். உள்ள வெறும் காத்து. முங்காது, மெதந்துக்கிட்டே உங்ககிட்ட வரும். குடைப் பிடியால கொக்கி போட்டு இழுத்துருங்க.

பிச்சையம்மாள்: "பானைக் கடை மாதிரி குடுக்கையத் தொங்கவிட்டுக்கிட்டுப் போறா பாரு"ன்னு ஊரு பூராம் சொல்லிச் சிரிச்சேனே...

ராக்காயி: இந்தா வருது! கவனம்!

பிச்சையம்மாள்: வந்துருச்சு... இந்தா... ஐயோ! நழுவிருச்சு! போயிருச்சே ராக்கு!

ராக்காயி: எங்கயும் போகாது, கயிறு எங்கிட்ட இருக்கு. சுருட்டிக்கிட்டு மறுபடி விடுறேன். நீங்க ரெண்டு கைலயும் பிடிங்க. அந்தச் சீலைப் பொட்டணத்த எதுக்குக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கிறீங்க? அதக் கீழ வைங்க.

பிச்சையம்மாள்: வைக்க எடமில்ல.

ராக்காயி: அப்ப ஆத்துல விடுங்க.

பிச்சையம்மாள்: அது... விதைப்பூண்டுடி. அதுக்காகத்தான மெனக்கெட்டுப் பள்ளங்கிக்குப் போனேன்.

ராக்காயி: பூண்டு போனா வேற பூண்டு வாங்கலாம் மதினி. நீங்க போனா? விடுங்க! மதினி! தண்ணி ஏறுது!

பிச்சையம்மாள்: விட்டேன்... விட்டுட்டேன்.

ராக்காயி: குடுக்கை வருது. இப்ப விடாதீங்க!

பிச்சையம்மாள்: மாட்டிருச்சு! ராக்கு, மாட்டிருச்சுடி! கையில இருக்கு! ஏ முருகா!

ராக்காயி: அப்படிப் போடுங்க! ...மதினி.

பிச்சையம்மாள்: என்ன?

ராக்காயி: வெத்தல மெதக்குது.

பிச்சையம்மாள்: எங்கடி?

ராக்காயி: உங்க பொட்டணம் பிரிஞ்சு போச்சு. வெத்தல மெதக்குது, வாழப்பழம் மெதக்குது, தேங்கா ஒண்ணு உருண்டுக்கிட்டுப் போகுது. விதைப்பூண்ட மட்டும் காணல.

பிச்சையம்மாள்: ராக்கு...

ராக்காயி: பொண்ணு கேட்டுப் போனீங்களா? உங்க தம்பிக்கா?

பிச்சையம்மாள்: கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சேடி... ரெண்டு தங்கி ரெண்டும் கலைஞ்சு... எங்க வீட்டுக்கு வெளக்கேத்த ஒரு புள்ள இல்லையேன்னு... அவனுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நானாத்தான் போனேன்.

ராக்காயி: எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்.

பிச்சையம்மாள்: என்னன்னு கேக்க? ...ராக்கு. இப்ப கயித்த விட்டுருவியா?

ராக்காயி: கயிறு மரத்துல கெடக்கு மதினி. நான் விட்டாலும் மரம் விடாது.

பிச்சையம்மாள்: நீ விடுவியாடி?

ராக்காயி: பேசிக்கிட்டே நிக்காதீங்க. கயித்த அக்குளுக்குக் கீழ சுத்துங்க. இடுப்புல கட்டாதீங்க, தல கவுந்துரும். மாட்டுக்குப் போடுற சுருக்கு வேணாம், அது இறுக்கி மூச்ச நிறுத்திரும். கன்னுக்குட்டிக்குப் போடுவீங்கள்ல, இறுகாத முடிச்சு... அதப் போடுங்க.

பிச்சையம்மாள்: குளுருல முடிச்சு விழ மாட்டேங்குதுடி.

ராக்காயி: கன்னுக்குட்டிய நெனச்சுக்கோங்க. நம்ம செவலைக்குட்டி துள்ளிக்கிட்டு நிக்கும்போதே கட்டுவீங்களே.

பிச்சையம்மாள்: ...போட்டுட்டேன். இழுத்துப் பாத்துட்டேன், இறுகல. குடுக்கைய என்ன செய்ய?

ராக்காயி: நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கோங்க, அது உங்களயும் மெதக்க வைக்கும். காலு ரெண்டையும் தண்ணி போற பக்கம் நீட்டி, மல்லாந்து படுத்துக்கோங்க. பாறை வந்தா காலால தள்ளணும், தலையால இல்ல.

பிச்சையம்மாள்: நீ பலமா இழுக்கணும், கேட்டியா? உன் பலத்த பூராம் போட்டு இழுக்கணும்!

ராக்காயி: நான் இழுக்க மாட்டேன் மதினி.

பிச்சையம்மாள்: என்னடி சொல்ற!

ராக்காயி: இழுக்கவே வேணாம். மரம் ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கு, நீங்க கீழ்ப்பக்கம் வாறீங்க. வெள்ளம் உங்களத் தள்ளும், கயிறு பிடிச்சு நிறுத்தும்... ஊஞ்சலாட்டம் நீங்களா இந்தக் கரையில வந்து ஒதுங்கிருவீங்க. ஆறே உங்களக் கொண்டாந்து விடும்.

பிச்சையம்மாள்: ஒரு கை பிடிச்சு இழுத்தா என்னடி கொறஞ்சா போவ? கோவத்த இதுலயா காட்டுற?

ராக்காயி: கோவமில்ல. காரணம் இருக்கு. எறங்குங்க மதினி, பாறை முங்கப் போகுது.

பிச்சையம்மாள்: பயமாருக்கு ராக்கு.

ராக்காயி: எனக்குந்தான். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே எறங்குவோம். சொல்லுங்க... முருகா...

பிச்சையம்மாள்: முருகா... முருகா... ஆத்தாடீ...!

ராக்காயி: மல்லாந்து! மல்லாந்து படுங்க! காலத் தூக்குங்க!

பிச்சையம்மாள்: மூக்குல... தண்ணி...

ராக்காயி: வாய மூடுங்க! உங்க வாழ்நாள்ல ஒரு தடவ வாய மூடுங்க மதினி! ...அப்படித்தான். கயிறு விறைச்சுருச்சு. வாறீங்க... இங்கிட்டுத்தான் வாறீங்க... அந்தக் கல்ல ஒதைங்க! ஒதைங்க!

பிச்சையம்மாள்: ஒதச்சுட்டேன்!

ராக்காயி: வேர் தெரியுதா? பிடிங்க! பிடிச்சீங்களா?

பிச்சையம்மாள்: பிடிச்சுட்டேன்... மண்ணு... காலுல மண்ணு தட்டுதுடி... கரை... ராக்கு, கரை!

ராக்காயி: ஏறுங்க... மெதுவா... ஆங்... வந்துட்டீங்க. வந்துட்டீங்க மதினி!

பிச்சையம்மாள்: கட்டிப் பிடிக்காதடி, நனஞ்சிருவ...

ராக்காயி: நனஞ்சா நனையட்டும்.

பிச்சையம்மாள்: ...பாறை எங்கடி?

ராக்காயி: அந்தா, சுழிக்குதுல்ல... அதுக்குக் கீழ. அங்கிட்டுப் பாக்காதீங்க. இந்தப் பாறைக் குடவுக்குள்ள வாங்க, சாரல் அடிக்காது. ஈரச் சேலைய அவுத்துட்டு இந்தக் கம்பளியச் சுத்திக்கோங்க. தலைக்கு இந்தச் சாக்கு. காலக் காட்டுங்க, எம்புட்டு அட்டை...

பிச்சையம்மாள்: பிடுங்கி எறி.

ராக்காயி: பிடுங்குனா ரத்தம் நிக்காது. உப்பும் பொயலையும் வச்சுக் கட்டுன துணி இருக்கு. இந்தா, தொட்டதும் சுருண்டு விழுகுது பாருங்க.

பிச்சையம்மாள்: அந்த மூட்டையில இன்னும் என்னதான்டி வச்சிருக்க? வீடு கட்ட செங்கல் இருக்கா?

ராக்காயி: அது ஒண்ணுதான் இல்ல. குங்கிலியம் இருக்கு, ஈர வெறகுலயும் பிடிக்கும். தீக்குச்சி இந்தக் குப்பிக்குள்ள... மூடிய சுத்தி மெழுகு ஊத்தியிருக்கேன்.

பிச்சையம்மாள்: பத்திருச்சு! ஒரே குச்சியில!

ராக்காயி: எங்கய்யா பழனிமுத்து கன்னிவாடிச் சந்தைக்குப் போயிட்டு வாறப்ப மஞ்சு மூடி வழி தப்பிட்டாரு. மறுநா கண்டெடுக்கும்போது கையில தீப்பெட்டி இருந்துச்சு மதினி. முழுப்பெட்டி. பூராம் நனஞ்சு... ஒரசி ஒரசி மருந்தெல்லாம் போயி... அன்னைலேர்ந்து இந்த மூட்டைய நான் எறக்குறதில்ல.

பிச்சையம்மாள்: குளுருல செத்தாருன்னு மட்டும்தான்டி சொல்லியிருக்க.

ராக்காயி: அது போதும்னு நெனச்சேன். இதக் கடிங்க, பொரிவெளங்கா உருண்டை. பல்லு பத்திரம்.

பிச்சையம்மாள்: கல்லு மாதிரி இருக்கு... ஆனா ருசிதான். ராக்கு...

ராக்காயி: சொல்லுங்க.

பிச்சையம்மாள்: பள்ளங்கிக்காரங்க வெத்தல பாக்க வாங்கிக்காம, யோசிச்சுச் சொல்றோம்னாங்க. நாளைக்கே ஆள் விட்டு, நீங்க யோசிக்க வேணாம்னு சொல்லிவிடுறேன். புள்ள இருந்தா என்ன, இல்லாட்டி என்ன... இந்த வீட்டுக்கு நீதான்டி. எவளாவது உன்ன ஒண்ணு சொன்னா இந்தக் குடையாலயே... ஐயோ, குடையும் ஆத்தோட போச்சே!

ராக்காயி: போகட்டும். பாவம், பத்து வருசம் உழைச்சுருச்சு.

பிச்சையம்மாள்: சிரிக்கிறா பாரு... ஏண்டி, இங்க திரும்பு.

ராக்காயி: என்ன மதினி?

பிச்சையம்மாள்: கயித்த பூராம்தான் அவுத்துட்டியே.

ராக்காயி: ஆமா.

பிச்சையம்மாள்: பெறகு உன் இடுப்பு... வயிறு... இன்னும் அப்படியேல்ல இருக்கு? அதனாலதான் இழுக்க மாட்டேன்னியா? ...ராக்கு! என் தம்பி எதுக்குடி பழனிக்குப் போனான்?

ராக்காயி: நேத்திக்கடன் சொல்ல. ரெண்டு தடவ வெளிய சொல்லித்தான் தங்காமப் போச்சுன்னு, இந்த வாட்டி மொதல்ல முருகனுக்குச் சொல்லிட்டு அப்புறம் உங்களுக்குச் சொல்லுவோம்னு இருந்தோம். யாரு கண்ணும் படாம வயித்த மறைக்கத்தான் கயித்த மூட்டையில வைக்காம இடுப்புல சுத்துனேன்... அட, எதுக்கு இப்ப அழுகுறீங்க? எந்திரிங்க மதினி, அந்தக் கயித்த நல்லா உதறித் தீக்கிட்ட காயப் போடுங்க. இன்னும் நாலு மாசத்துல தொட்டில் கட்ட வேணும்.