செத்தவர் முகத்தில் வெள்ளைப் பெயிண்ட்

பாயான் லெப்பாஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் ஃபேக்டரி உடுப்பில் இருந்தாள். இளையவளின் விரல்களில் பெயிண்ட் கறை.

"அந்த மனுசன் முகத்துல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிட்டேன் அக்கா," என்றாள் இளையவள்.

"ஐயோ! செத்துப்போனவரு படத்துலயா?"

"ஆமா. ஐ.சி. அடையாள அட்டைல இருந்த சின்ன போட்டோவைப் பார்த்துப் பெருசா வரையச் சொன்னது அவரு மகன்தான். வந்து பார்த்து அழுதான். அப்புறம், 'ஒரே காலைல முடிச்சிட்டீங்க, பாதிக் காசு போதும் லா'ன்னான். இந்த வேகம் வர எனக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு அவனுக்குத் தெரியுமா? அவன் கண்ணு முன்னாலயே பிரஷ்ஷ எடுத்தேன்."

"பாவம்டி! அப்பா முகம்!" அக்கா நெஞ்சில் கைவைத்தாள்.

"மறுநாள் செத்தவரோட சம்சாரம் முழுக் காசோட வந்து, திரும்ப வரையச் சொன்னாங்க. 'இந்தத் தடவை மெதுவா வரையட்டுமா அம்மா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'வேணாம்மா, வேகமாவே வரை. அவருக்குக் காத்திருக்கவே பிடிக்காது'ன்னாங்க."