பின்வாசல் வழியாக அலுவலகம்

மேடையின் நடுவே வீற்றிருந்தும் கழுத்திலிருந்து அளவுநாடாவைக் கழற்ற மறந்துவிட்ட தலைவர், எங்கள் தையல்கடை அண்ணன் அவர்களே. முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் பெரியோர்களே. என் வீட்டில் நடப்பதை எனக்கு முன்பே அறிந்துவிடும் அன்புத் தாய்மார்களே. இந்தப் பேச்சை வீட்டில் ஏழு முறை கேட்டும் எட்டாம் முறையாக எதிரே வந்து அமர்ந்திருக்கும் என் துணைவியாரே. எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. எங்கோ இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கிறேன். என் அலுவலகம் எது? படுக்கையறை. என் மேசை எங்கே? துணி அலமாரிக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே. என் மேலதிகாரி யார்? அதோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாரே, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி வேலையை விட்டு வந்த முதல் மாதம் சொர்க்கம். இரண்டாம் மாதம் சோம்பல். மூன்றாம் மாதம், இன்று குளிப்பதா வேண்டாமா என்பதே எனக்குப் பெரிய ஆலோசனைக் கூட்டம். ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்கு என் துணைவியார் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புவார். நானும் இஸ்திரி போட்ட சட்டையும் காலில் ஷூவும் தோளில் பையுமாக அவரோடு படியிறங்குவேன். அவர் பஸ் ஏறியதும் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசல் வழியாக என் வீட்டுக்கே வந்து வேலைக்கு உட்காருவேன்.

இதைத் தெரு பார்த்தது. தையல்கடை பார்த்தது. பார்த்த அண்ணன் சும்மா இருந்தாரா? ஒரு மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கிய என் துணைவியாரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மனசத் திடப்படுத்திக்கோ. உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு போல. நீ பஸ் ஏறினதும் பின்வாசல் வழியா வீட்டுக்கே திரும்பிடறாரு. திட்டிடாதே. என் கடையில பில் போடற வேலை இருக்கு, நான் வெச்சுக்கறேன்."

"அண்ணே, அவரு ஆபீசே எங்க பெட்ரூம்தான்."

தலையைக் குனியாதீர்கள் தலைவரே, உங்கள் பெருமையைத்தான் சொல்ல வருகிறேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி என் துணைவியார் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன்? அண்ணன் நினைத்ததில் பாதி உண்மை. ஒரு பல் மருத்துவமனைக்கு முன்பதிவுச் செயலி எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். ஒரு வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய கம்பெனிக்கே திரும்பி வருகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். திறமை தீர்ந்ததா? இல்லை. தெம்பு தீர்ந்தது. பகல் முழுக்க என்னோடு பேசியது வாஷிங் மெஷின் மட்டும்தான்.

மறுநாள் அண்ணன் என்னைக் கடைக்குள் இழுத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். "தப்பா நெனச்சுட்டேன் சார். சரி, அப்படி என்னதான் செய்யறீங்க? கொஞ்சம் காட்டுங்க." காட்ட ஒன்றுமில்லை. வெட்கமாகப் போய்விட்டது. "நாலு மணிக்குக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்று எழுதினேன். நாலு மணிக்குக் காட்டினேன். மறுநாளும் எழுதினேன், மறுநாளும் காட்டினேன்.

வியாழக்கிழமை அண்ணன் செயலியில் முன்பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு முழித்தார். "என்ன சார் இது, ரெண்டு தடவ அமுக்கிட்டேன். ஒரே பல்லுக்கு டாக்டர் ரெண்டு நேரம் குடுத்துட்டாரு?"

அவையோரே, அந்தப் பொத்தானை நான் நூறு தடவை அமுக்கியிருக்கிறேன். ஒருநாளும் அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கியதில்லை. எழுதியவனுக்குத்தான் ஒரு முறை போதும் என்று தெரியுமே. அன்றே சரிசெய்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பல் மருத்துவமனை டாக்டரம்மா செய்த முதல் காரியம் என்ன? படபடவென்று இரண்டு முறை அமுக்கினார். ஒரே ஒரு பதிவுதான் விழுந்தது. "எங்க மூணு கிளைக்கும் நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை அழித்தேன்.

தனியாக வேலை செய்யலாம். தனியாகவே கிடக்க வேண்டுமா? முதலாளி இல்லாமல் வாழலாம். முகம் பார்த்துக் கேட்க ஒருவர்கூட இல்லாமல் வாழ முடியுமா? நம் குடியிருப்பில் என்னைப்போல் ஏழு பேர் இருக்கிறோம். மொழிபெயர்க்கிறவர் இருக்கிறார், படம் வரைகிறவர் இருக்கிறார், கணக்குப் பார்க்கிறவர் இருக்கிறார். ஏழு வீடுகளில் ஏழு படுக்கையறைகள். அதற்காகத்தான் அண்ணன் நம் குடியிருப்போர் சங்கத்தில் மல்லுக்கு நின்று, உடைந்த நாற்காலிகள் அடைத்துக்கிடந்த மாடி அறையைக் காலி செய்து, ஏழு மேசை போட்டு, இன்று திறந்து வைத்திருக்கிறார். என்னம்மா கேட்கிறீர்கள், இன்டர்நெட் உண்டா? உண்டு. வாஷிங் மெஷின்தான் இல்லை.

நாளை காலை ஒன்பது மணிக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு படியிறங்குவேன். என் துணைவியார் பஸ் ஏறுவார். நான் கட்டடத்தைச் சுற்ற மாட்டேன். பின்வாசலும் தேட மாட்டேன். எல்லோரும் பார்க்க, முன்வாசல் வழியாக மாடிக்கு வருவேன். அண்ணே, நாலு மணிக்குக் கடையில் ஸ்டூலை எடுத்துப் போட்டு வையுங்கள். பொறுமையோடு கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.