அளவுக்கு வந்த சட்டை

—பார்த்தியா, பார்த்தியா! இதைத்தான் சொல்லுவேன். புதுத் துணியைக் கையில கொடுத்தா மனுஷங்க நிறத்தைப் பார்ப்பாங்க, பூவேலையைப் பார்ப்பாங்க. நீ மட்டும் தோலை உரிக்கற மாதிரி உள்பக்கத்தைத் திருப்பிடுவே. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமா இதே பழக்கம். பட்டனைத் தடவறது, தையலை நகத்தால சுரண்டறது, 'ம்ஹூம்'னு தலையை ஆட்டறது.

—வெளிப்பக்கம் விக்கறவனுக்கு அக்கா. உள்பக்கம் போடறவளுக்கு.

—அம்மாடி, வியாக்கியானம் வேண்டாம். நான் வாங்கின இந்தக் கவுனோட அடியை நாலு விரல் மடிச்சுத் தைச்சுக் கொடு, போதும். நம்ம நாத்தனார் நர்ஸம்மா உயரத்துக்கு இது தரையைக் கூட்டிக்கிட்டுப் போகும். கடைக்காரன் மடிச்சுத் தர பத்து நாள் ஆகும்கறான். ஞாயித்துக்கிழமை வரவேற்பை வெச்சுக்கிட்டு பத்து நாளைக்கு நான் எங்கே போறது?

—வரவேற்புக்கா? அவ கல்யாண வரவேற்புக்கு இதையா போடப்போறா? அப்போ என் மிஷின்ல இருக்கற கவுன் எதுக்கு?

—அதைப் பேசத்தான் வந்தேன். கோபப்படாமக் கேளு.

—நான் எங்கே கோபப்பட்டேன்? வாயில குண்டூசி வெச்சிருக்கேன், அதனால முகம் அப்படித் தெரியுது.

—முதல்ல அதைத் துப்பு. பேசறப்போ தொண்டைக்குள்ள போயிடப்போகுது.

—பத்து வயசுல இருந்து வெச்சுக்கறேன், இன்னும் ஒண்ணுகூட முழுங்கலை. நீங்க பேசுங்க.

—நான் சொல்றதைக் கேளு. ஜன்னல் திரைக்கு வெச்சிருந்த துணியில யாராவது கல்யாணக் கவுன் தைப்பாங்களா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க, டாக்டருங்க வருவாங்க.

—ஜன்னல்ல தொங்கினா திரை. தோள்ல தொங்கினா கவுன். அந்தத் துணி இதுவரைக்கும் ஜன்னலையே பார்த்ததில்லை அக்கா. கடையில கடைசியா மிச்சமான சுருள், கேட்பாரில்லாம மூலையில கிடந்துச்சு. உள்துணி என் வீட்டுக்காரரோட ரெண்டு பழைய சட்டை. காலர்தான் நைஞ்சிருந்துச்சு, முதுகுப் பக்கம் இன்னும் புதுசு. அவருக்கு ஆலையில பாதி நாள்தான் வேலை. இந்த நிலைமையில நான் அவளுக்கு என்ன கொடுக்க முடியும்? என் கையால ஒண்ணு தைச்சுக் கொடுக்க முடியும். அதையும் கொடுக்காதேங்கறீங்களா?

—கொடு, யாரு வேண்டாம்னா? தலையணை உறை கொடு. ஒரு பை தைச்சுக் கொடு.

—பையா? போன வருஷம் உங்க பிறந்தநாளுக்கு ஒண்ணு தைச்சுக் கொடுத்தேனே, அந்த மாதிரியா? அதுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கீங்க. பார்த்தேன்.

—அது வந்து... வெங்காயத்துக்குக் காத்து வேணும்னு...

—பரவாயில்லை. வெங்காயம் அழுகலை, பையும் கிழியலை. கைப்பிடிக்கு ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், மூணு கிலோ தாங்கும்.

—உன்கிட்ட வாயைக் கொடுத்து மீள முடியுமா? சரி, நேராவே கேட்கறேன். அந்த மேடையை மறந்துட்டியா?

—மறக்க விட்டாத்தானே? உங்க வீட்டுக்காரர் என்னைப் பார்க்கறப்போல்லாம் வாயால 'பர்ர்'னு ஒரு சத்தம் விடறாரே.

—அது விளையாட்டுக்குச் செய்யறாரு.

—விளையாட்டுத்தான். ரெண்டு மாசமா விளையாடறாரு. எதிர்வீட்டம்மா குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொடுத்த துணியை வாசல்லயே நின்னு திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. அதுவும் விளையாட்டுத்தான் போல.

—பின்னே என்ன செய்வாங்க? ஆஸ்பத்திரிப் பாராட்டு விழா. இருநூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. இந்த வருஷத்துச் சிறந்த நர்ஸுன்னு அவ பேரைக் கூப்பிடறாங்க. கேடயத்துக்கு அவ கையை நீட்டறா. நீ தைச்ச சட்டை அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் வாயைப் பிளக்குது! கூட வேலை செய்யற பொண்ணு ஓடி வந்து போர்வையைப் போர்த்தி விட்டா. கேடயம் வாங்கின படத்துல நம்ம நர்ஸம்மா கட்டில்ல இருந்து எழுந்து வந்த நோயாளி மாதிரி நிக்கறா. அன்னிக்கு இருந்து உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினாளா?

—பேசலை. அது மட்டும்தான் எனக்கு வலிக்குது. மத்தவங்க 'பர்ர்'னா காதுல பஞ்சு வெச்சுக்கலாம். இங்கே வாங்க, இந்த மேசைகிட்ட வாங்க. இது என்னன்னு தெரியுதா?

—அந்தக் கிழிஞ்ச சட்டைதானே? இதையா இன்னும் பத்திரமா வெச்சிருக்கே? தூக்கிப் போடு!

—ஏன் போடணும்? தையலைப் பாருங்க. ஒரு கண்ணியாவது விட்டிருக்கா? விடலை. தையலை ஒட்டித் துணிதான் கிழிஞ்சிருக்கு. அப்படின்னா இறுக்கம். அளவு பத்தலை. இது அன்னிக்கு நான் வெட்டின செய்தித்தாள். அவ விடுதியில இருந்து நீங்க கொண்டுவந்து கொடுத்த அளவுச் சட்டையை இதே மேசையில விரிச்சு, சுத்திப் பென்சில் ஓட்டி, தையலுக்கு ஒரு விரல் விட்டு வெட்டினது. இதைச் சட்டை மேல வைங்க. நூல் பிசகுதா?

—எனக்கு இதெல்லாம் தெரியாது.

—பிசகலை. அளவுச் சட்டை இருந்திருந்தா அதையும் பக்கத்துல வெச்சுக் காட்டியிருப்பேன். மறுநாளே நீங்க திருப்பி எடுத்துட்டுப் போயிட்டீங்க.

—அவ கேட்டா, கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போ எதுக்கு அந்தப் பேச்சு? உனக்கு ஒரு கதை சொல்றேன், அதைக் கேளு. ஒரு நத்தை இருந்துச்சாம்.

—கதையா? சரி, சொல்லுங்க. கை பாட்டுக்கு வேலை செய்யும்.

—வீட்டையே முதுகுல தூக்கிக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து போகுமாம். ஒரு முயல் பார்த்துச்சாம். 'ஏன் இப்படிக் கஷ்டப்படறே, கொஞ்சம் இறக்கி வையேன்'னு சொல்லிச்சாம். நத்தை யோசிச்சுப் பார்த்துட்டு ஓட்டை இறக்கி வெச்சுதாம். அப்புறம் உடம்பு லேசாகி, ஜாலியா ஓடிச்சாம். அவ்வளவுதான் கதை. பிடிவாதத்தை இறக்கி வெச்சா நீயும் லேசாயிடுவே.

—ஓட்டை இறக்கி வெச்ச நத்தைக்கு வேற பேரு இருக்கு அக்கா.

—என்ன பேரு?

—காக்காவோட காலைச் சாப்பாடு.

—கதையில காக்கா வரலை!

—உங்க கதையில வராது. உங்களுக்கு மாசம் பிறந்தாச் சம்பளம் வருது. என் கதையில தினமும் வருது. என் முதுகுல இருக்கறது இந்த மிஷின். என் பையனோட பள்ளிக்கூடச் சட்டை, மெத்தை விரிப்பு, அத்தைக்கு இடுப்புவலிக்குத் தவிட்டுப் பொட்டலம், உங்க வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கு உறை எல்லாம் இதுலதான் தைச்சேன். யாருக்கு நல்லது நடந்தாலும் வெறுங்கையோட நான் போய் நின்னதில்லை. இதை இறக்கி வைன்னு எந்த முயல் சொன்னாலும் நான் கேட்கறதா இல்லை.

—அதேதான்! அதேதான்டி எனக்கும் பத்திக்கிட்டு வருது!

—என்னக்கா?

—நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆகுது. ஓவர்டைம் பார்த்து, கால் கடுக்கக் கடை கடையா ஏறி வாங்கிக் கொடுத்திருக்கேன். அத்தைக்குக் கம்பளி, அவளுக்குக் கைக்கடிகாரம். யாராவது ஒருத்தர் வந்தவங்களைக் கூப்பிட்டு 'இது பெரிய மருமக வாங்கினது'ன்னு காட்டியிருக்காங்களா? நீ கந்தலை ஒட்டி ஒரு கால்மிதி தைச்சா போதும், அதைச் சுவர்ல மாட்டாத குறை! அதனாலதான் உனக்கு ஒட்டு ராணின்னு பேர் வெச்சேன். அதையும் நீ பட்டமா எடுத்துக்கிட்டே!

—நல்ல பேருதானே அக்கா. ராணிங்கறது சும்மா கிடைக்குமா?

—சிரிக்காதே. நான் அழுகைய அடக்கிக்கிட்டு நிக்கறேன்.

—சரி, சிரிக்கலை. அந்தக் கைக்கடிகாரத்தை அவ குளிக்கறப்போ மட்டும்தான் கழட்டுவா. உங்களுக்குத் தெரியாதா? நாடி பார்க்கறதெல்லாம் அதை வெச்சுத்தான்.

—என்கிட்ட அவ சொன்னதில்லை.

—கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அத்தை வராங்க, கண்ணைத் துடைச்சுக்கோங்க.

—ரெண்டு பேரும் இங்கேதான் இருக்கீங்களா? என்னவோ போங்க, இந்தப் போனைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் காது கொதிக்குது. சின்னவளே, அவ லைன்லதான் இருக்கா. உன்கிட்ட நேராப் பேச மாட்டாளாம். நான் நடுவுல நின்னு கேட்டுச் சொல்லணுமாம். இந்த வயசுல எனக்கு இது தேவையா?

—என்ன சொல்றா அத்தை?

—ரெண்டு கவுன் இருக்குதாமே, எதைப் போடறதுன்னு நீயே சொல்லிடுன்னேன். 'சின்ன அண்ணி தைச்சதைப் போட எனக்கும் ஆசைதான். ஆனா என் கை பிசகிடுச்சுன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கு அவ்வளவு பேர் முன்னாடி நின்னேனே'ங்கறா. நியாயம்தானே? சொல்லிட்டு வேலையைப் பாரு.

—நான் பிசகலை அத்தை.

—நீ பிசகலைன்னா பின்னே யாரு? அவ கொடுத்தனுப்பின சட்டை இன்னிக்கும் அவளுக்குச் சரியாத்தான் இருக்குதாம். அதைப் போட்டுக்கிட்டுத்தான் இப்போ நிக்கறாளாம். நீ தைச்சது மட்டும் எப்படிச் சின்னதாச்சு? அளவுச் சட்டை வர்ற வழியில பஸ்லயே சுருங்கிடுச்சா?

—எனக்குத் தெரியலை. நானும் காகிதத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டேன். என்கிட்ட வந்த அளவுக்கு நான் வெட்டினது சரி. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

—ஒரு வார்த்தைடி. வாயால சொல்றதுதானே? சொன்னா நாக்குத் தேஞ்சா போகும்?

—நாக்குத் தேயாது அத்தை. கை தேஞ்சிடும். நான் தப்பு பண்ணினேன்னு பொய்யா ஒப்புக்கிட்டா, நாளைக்குக் கத்தரியை எடுக்கறப்போ இந்தக் கை என்னை நம்பாது. துணி முன்னாடி நடுங்கும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். துணி கேட்டாக் கொடுப்பேன், கவுன் கேட்டாக் கொடுப்பேன். இதை மட்டும் யாருக்காகவும் கொடுக்க மாட்டேன்.

—அப்போ அவ பெரியவ வாங்கினதைத்தான் போடுவா. உனக்குச் சம்மதமா?

—போடட்டும். அழகாத்தான் இருக்கு. நானே அடியை மடிச்சுத் தர்றேன்.

—என்னவோ போ. உன் தலை எழுத்து. பெரியவளே, நீ ஜெயிச்சுட்டே. இவகிட்ட அந்தக் கவுனைக் கொடு.

—கொடுத்துட்டேன் அத்தை... அப்பவே கொடுத்துட்டேன்.

—அக்கா, இதோட உள்பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தவுடனே தலையை ஆட்டினேன். கடைக்காரன் அக்குள்கிட்ட துணியே விடலை. கை தூக்கி யாரையாவது கட்டிப் பிடிச்சா இதுவும் விட்டுடும். கல்யாணத்துல ஊரே வந்து கட்டிப் பிடிக்கும். கவலைப்படாதீங்க, ரெண்டு பக்கமும் ஒட்டுத் துண்டு வெச்சுத் தைச்சுடறேன், வெளியே தெரியாது. என் கவுன் துணியும் கிட்டத்தட்ட இதே நிறம்தான். அதுல இருந்து ரெண்டு துண்டு வெட்டினாப் போதும்.

—எதுல இருந்து வெட்டறே?

—இந்த என் கவுன்ல இருந்துதான். இனிமே இது யாருக்கு? அவ இன்னொரு தடவை அப்படி நிக்கக் கூடாது அக்கா. அத்தை, கொஞ்சம் தள்ளிக்கோங்க, கத்தரி பெரிசு.

—கீழே வை! கத்தரியைக் கீழே வைடி, வெட்டாதே! அத்தை, அந்தப் போனை இப்படிக் கொடுங்க. கொடுங்க அத்தை, அவ வெச்சுடறதுக்குள்ள... அம்மாடி, பெரிய அண்ணி பேசறேன். குறுக்கே பேசாமக் கேளு. நீ கொடுத்தனுப்பின சட்டை இவ கைக்கு வரவே இல்லை. அதை என் பையிலயே வெச்சுக்கிட்டு, நீ படிக்கிற காலத்துல ஒல்லியா இருந்தப்போ போட்ட சட்டையைப் பெட்டியில இருந்து எடுத்து நான்தான் அளவுக்குக் கொடுத்தேன். இவ தைக்கறது உனக்கு உடம்புலயே ஏறாது, நான் வாங்கி வெச்சிருந்ததைப் போட்டுக்கிட்டு நீ மேடை ஏறுவேன்னு நினைச்சேன். நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இவ தைச்சதையே போட்டுக்கிட்டுப் போனே. இவ கை பிசகலை, அம்மாடி. அந்த இருநூறு பேர் முன்னாடி உன் சட்டையைக் கிழிச்சது நான்.