ஒரே ஒரு ரிங்

மணி பத்தரை. உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் போகும் ரோட்டில் ஆளும் இல்லை, விளக்கும் இல்லை. வேன் டயர் படுத்துவிட்டது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. இதைவிட நல்ல இடம் பேய்க் கதைக்குக் கிடைக்காது... ரெஹானா, கண்ணாடியை ஏற்றிவிடு. புழுக்கம் ஒன்றும் பண்ணாது.

சசிதரனும் டிரைவரும் டயரை உருட்டிக்கொண்டு போனார்களே, அப்போது முத்துராமலிங்கம் என்ன சொன்னான் என்று கேட்டீர்களா? "ரெடியானதும் ஒரு மிஸ்டு கால் குடு சசி" என்றான். சசி முகம் செத்துப்போனது. "போனே பண்றேன். எடுத்துப் பேசு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான். இத்தனை வருடம் அவனோடு ஒரே ஆபீசில் இருக்கிறேன். அவன் யாருக்கும் மிஸ்டு கால் கொடுத்ததில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவன் திரும்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவன் முன்னால் இதை யாரும் எடுக்கக் கூடாது.

அதுவும் ஒரு ரோட்டில்தான் ஆரம்பித்தது.

சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற ரோடு. ராத்திரி. சசி பைக் ஓட்டுகிறான். பின்னால் அவனுடைய மச்சான் விஜய்பாண்டி. சசியின் அக்கா அனுசுயாவைக் கட்டியவர். இரண்டு பக்கமும் நெல் வயல்... தவளைச் சத்தம்... வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். வேறு எதுவும் இல்லை.

விஜய்பாண்டியின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

"நிறுத்து மாப்ள" என்றார்.

நிறுத்தினான். அவர் இறங்கிப்போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்துப் பார்க்கவில்லை. சசி அவர் பையிலிருந்து உருவிப் பார்த்தான். திரையில் 'அண்ணன்' என்றிருந்தது. மிஸ்டு கால்.

அந்த அண்ணன், சுருளியாண்டி, செத்து ஒரு திராட்சை வெட்டு, ஒரு அறுவடையே, முடிந்துவிட்டது.

இருங்கள். அதற்குள் மூச்சை இழுக்காதீர்கள். செத்தவர் நம்பரிலிருந்து போன் வந்ததற்குச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பயப்படலாம்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு திராட்சைத் தோட்டம். ஒரு கிணறு. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் சிமெண்டு மேடை கட்டி, அதில் மோட்டார். செல்போனில் மோட்டார் போடுகிற பெட்டி இப்போது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறதே, அதை இவர்களும் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். த்ரீபேஸ் கரண்ட் வந்ததும் பெட்டி தானாக விஜய்பாண்டிக்குப் போன் போடும். அவர் திருப்பி அடித்தால் ஒரு பெண் குரல், "மோட்டார் ஆன் செய்யப்பட்டது" என்று சொல்லும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம். அந்தப் பெட்டி விஜய்பாண்டியின் போனுக்கு மட்டும்தான் கட்டுப்படும். சுருளியாண்டியும் நம்பரைப் பதியச் சொல்லவில்லை. முகம் தெரியாத பொம்பளையோடு நான் என்ன பேச என்று சிரிப்பாராம். அவரிடம் இருந்தது பட்டன் போன்.

ஆனால் மோட்டார் பழசு. நிறுத்தினால் குழாயில் நிற்கிற தண்ணீர் இறங்கிவிடும். அதனால் கரண்ட் வருவதற்கு முன்னாலேயே ஒருவர் கிணற்றில் இறங்கி, மோட்டாருக்குள் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். அது சுருளியாண்டி வேலை. வயரும் பழசு. மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று நாள் ஓடியது. நம் எல்லோர் வீட்டிலும் ஓடுவது மாதிரிதான்.

அதற்காக அண்ணன் தம்பிக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே ஏறியதும் சுருளியாண்டி தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். 'நான் ஏறிவிட்டேன், கரண்ட் வந்தால் போட்டுக்கொள்' என்று அர்த்தம். அந்த ரிங் வராமல் மோட்டார் போடக் கூடாது. கொடுத்துவிட்டு அவர் மடை திறக்கத் தோட்டத்தின் கடைசிக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் விஜய்பாண்டி கம்பத்தில் ஒரு விசேஷ வீட்டில் இருந்தார். பெட்டி போன் போட்டது. கரண்ட் வந்துவிட்டது. அண்ணனிடமிருந்து ரிங் வரவில்லை. கொஞ்சம் பார்த்தார். பந்தி போட்டுவிட்டார்கள், இலையில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அண்ணன் போனில் சார்ஜ் இருக்காது என்று நினைத்தார். அடித்தார். அந்தப் பெண் குரல் சொன்னது. சாப்பிட உட்கார்ந்தார்.

சுருளியாண்டி அப்போது மேடையில்தான் நின்றுகொண்டிருந்தார். ஈரக் கையோடு.

சாயங்காலம் தூக்கி வெளியே போட்டார்கள். பட்டன் போன் தண்ணீரில் ஊறிச் செத்துப் போயிருந்தது. ஊரே கிணற்று மேட்டில் நிற்கிறது. மிஸ்டு கால் வந்ததா என்று கேட்டார்கள். விஜய்பாண்டி சொன்னார், "வந்துச்சு."

அந்த ஒரு வார்த்தைதான்.

அது யார் தலையில் விழுந்தது தெரியுமா? அண்ணன் பெண்டாட்டி மாரீஸ்வரி தலையில். அன்று காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சின்னச் சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. ஏறி வந்து மிஸ்டு காலும் கொடுத்த மனுஷன், கரண்ட் வருகிற நேரத்தில் மறுபடி எதற்கு இறங்குவான்? சாகத்தான் இறங்கியிருக்கிறான், அவள் வாய்தான் அவனை இறக்கிவிட்டது என்று ஊர் பேசியது. விசேஷ வீடுகளில் அவர் கையால் தண்ணீர் வாங்கவே ஆட்கள் யோசித்தார்கள். பாவம், அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். யார் வந்தாலும் ஒரே கேள்வி. "ரிங்கு விட்டுட்டு மறுபடி ஏன் எறங்குனாக?"

விஜய்பாண்டியிடமும் கேட்பார். அவர் குனிந்துகொள்வார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். இவருக்குப் போசனமெல்லாம் வேளாவேளைக்குக் கிடைத்தது. தூக்கம்தான் போய்விட்டது. ஏனென்றால் அன்றைக்குப் பெட்டியின் சிம்மும் கருகிவிட்டது. புது மோட்டார், புது வயர், எல்லாம் போட்டார்கள். குழாய் மட்டும் பழசு, இறங்கித் தண்ணீர் ஊற்றுகிற வேலை இப்போது விஜய்பாண்டிக்கு. சிம்முக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது மாரீஸ்வரி உள்ளே போய், புருஷன் போனிலிருந்து எடுத்துக் காயவைத்திருந்த சிம்மைக் கொண்டுவந்தார். இன்னும் பல மாதத்துக்கு ரீசார்ஜ் இருந்தது. அதன் மேல் ஒரு பொட்டு மஞ்சள் தடவியிருந்தார்.

"அவுக நம்பராவது உசுரோட இருக்கட்டும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல விஜய்பாண்டிக்கு வாய் வருமா? மாட்டிவிட்டார். அப்புறம் கரண்ட் வருகிறபோதெல்லாம் திரையில் 'அண்ணன்' கூப்பிடுவார். மோட்டார் போட வேண்டுமென்றால் இவர் அண்ணனைக் கூப்பிட வேண்டும். பெயரை அழித்து 'மோட்டார்' என்று பதிந்தார். மறுநாள் கூப்பிட்டபோது 'அண்ணன்' என்றே வந்தது.

அந்தப் பெயரை விட்டால் இதுவரைக்கும் பெட்டிதான், சரியா? இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கரண்ட் இல்லாத நேரத்தில் ரிங் வர ஆரம்பித்தது. பெட்டி கூப்பிட்டால் எடுக்கிறவரை அடிக்கும். இது ஒரே ஒரு ரிங். அடித்து நின்றுவிடும். பெட்டி மாட்டிய கடைக்காரரிடம் கேட்டார். உள்ளே பேட்டரி கிடையாது, கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் தகரம் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒரு தடவை, அந்த ஒரு ரிங்குக்குள்ளேயே எடுத்துவிட்டார். பெண் குரல் இல்லை. சொட்டு... சொட்டு... என்று தண்ணீர் விழுகிற சத்தம். கிணற்றுச் சுவரில் புறா இறக்கை அடிக்கிற சத்தம். அப்புறம் ஏணிக் கம்பியைப் பிடித்து ஒருவர் ஏறி வருகிற மாதிரி, மூச்சு வாங்குகிற சத்தம்... ஏறிக்கொண்டே இருக்கிறார். மேலே வந்து சேரவில்லை. அறை முழுக்கத் திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்த வாடை. போனைக் காதிலிருந்து எடுத்தார். கண்ணாடி நனைந்திருந்தது.

இவ்வளவையும் அந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்து சசியிடம் சொன்னார். அழுதார். சசிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்ததாம். மாரீஸ்வரி முகம்தான் கண்ணில் நின்றது என்றான்.

"முதல்ல போயி உங்க மதினிகிட்ட உண்மையச் சொல்லுங்க மச்சான்."

"சொல்லிருறேன் மாப்ள. கொடி காயுது. நாளைக்கி ஒரு தண்ணி விட்டுட்டு, சாயங்காலம் சொல்லிருறேன்."

வயரை மாற்றுவதற்கும் நாளைதான் சொன்னார்கள். ஞாபகம் இருக்கிறதல்லவா?

மறுநாள். ராத்திரி இல்லை, நல்ல பட்டப்பகல். விஜய்பாண்டி ஒரு புது சிம் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பழைய சிம்மைக் கழற்றிவிட்டால் எல்லாம் ஓய்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். தன் போனை வீட்டு பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அதைக் கையில் தொடவே பிடிக்கவில்லை.

சசி அக்கா வீட்டில்தான் இருந்தான். கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே போன் அடிக்கிற சத்தம்... ஒரே ஒரு ரிங்.

கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டான். அனுசுயாவுக்கு ஒன்றும் தெரியாதல்லவா? அக்கா திரையில் பெயரைப் பார்த்திருக்கிறது. அந்த நம்பர் இப்போது தோட்டத்துப் பெட்டி. போன் இல்லாத புருஷன் பெட்டியில் இருந்து ஏதோ பண்ணி ரிங் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டது. பழைய பழக்கம்தானே. ரிங் வந்தால் ஆள் ஏறியாகிவிட்டது.

"ஏறிட்டாக போல" என்று சொல்லிக்கொண்டே திருப்பி அடித்தது.

சசி செம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஸ்பீக்கரில் அந்தப் பெண் குரல் அவனுக்கே கேட்டது. "மோட்டார் ஆன் செய்யப்பட்டது."

பைக்கில் பறந்தான். தூரத்திலேயே மோட்டார் ஓடுகிற சத்தம். திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் வாய்க்கால் நிறையப் போய்க்கொண்டிருந்தது. விஜய்பாண்டி மேடையில் கிடந்தார். இரண்டு கையும் குழாயைப் பிடித்தபடி. அண்ணன் பிடித்திருந்த அதே இடம். புது மோட்டார், புது வயர், எங்கேயும் கசிவு இல்லை, ஷாக் அடிக்க வழியே இல்லை என்று பார்க்க வந்த எலக்ட்ரீசியன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அனுசுயா போனை மடியில் வைத்துக்கொண்டு, "ரிங்கு வந்துச்சு... ரிங்கு வந்துச்சு..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் அக்காவை எப்படிப் பார்த்தது என்று சசி பார்த்தான். மாரீஸ்வரியைப் பார்த்த அதே பார்வை.

அவனுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் இருக்கும்போதே, பிணத்துக்குப் பக்கத்தில் நின்று, மாரீஸ்வரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றைக்கு ரிங் வரவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் ஏறவே இல்லை. மச்சான்தான் பொய் சொன்னார்.

மாரீஸ்வரி அழவில்லை. தோட்டத்திலிருந்து விஜய்பாண்டியின் சட்டையை யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கிணற்றில் இறங்கும்முன் திராட்சைப் பந்தலின் கல்தூணில் கழற்றி மாட்டிய சட்டை. சொட்டு ஈரம் இல்லாத சட்டை. அதை மடித்து வைக்க எடுத்தவர் பையில் கையை விட்டார். பிரிக்காத புது சிம் ஒன்று வந்தது. கூடவே பழைய சிம். அதன் மேல் மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது.

சசி மறுபடி தோட்டத்துக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான். சிம் வைக்கிற இடம் காலி. பெட்டியில் சிம்மே இல்லை. அந்த நம்பரிலிருந்துதான் ரிங் வந்தது. அந்த நம்பருக்குத்தான் அனுசுயா அடித்தது. மோட்டாரும் ஓடியது.

அவன் திரும்பி வந்தபோது மாரீஸ்வரி அனுசுயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த போனை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவ்வளவு ஈரம்.

"நீ ஏன்டி அழுகுற?" என்றாராம். "அன்னைக்கிக் குடுக்காத ரிங்க இன்னைக்கிக் குடுத்துட்டாக. மேல ஏறிட்டாக."