பூங்கோதை பேசின மாசங்கள்

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மேல போறேனே... சிறப்புக் குழந்தையை வளர்க்கிற நம்மள மாதிரி ஒரு அம்மா, அப்பாவோட கதைதான்.

அருப்புக்கோட்டையில தவசின்னு ஒரு லைன்மேன். மனைவி பூங்கோதை. ஒரே பொண்ணு இனியா. ஏழு வயசாகியும் பேச்சு வரல... அடிக்கடி வலிப்பு வேற. பாக்குறவங்க எல்லாம் கேக்குறது ஒண்ணுதான். "மாசமா இருக்கும்போது என்னம்மா பண்ணுன?"

என்ன பண்ணுனா? ஆறாம் மாசம் மாடிப்படியில வழுக்கி விழுந்தா. அவ்வளவுதான். அதை யார்கிட்டயும் சொல்லல... புருஷன்கிட்டகூட. தன்னாலதான் பிள்ளைக்கு இப்படின்னு உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டா.

மதுரையில ஒரு டாக்டரம்மா மரபணு சோதனை பண்ணிட்டு, ரெண்டு பேரையும் உக்கார வச்சு விளக்குனாங்க.

"மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல குளுட்டமேட்னு ஒரு பொருளை அனுப்புது. அதை வாங்கிக்கிற ஏற்பிகள் அளவோட வேலை செய்யணும். அந்த அளவைப் பாத்துக்க ஒரு புரதம் இருக்கு. இனியாவுக்கு அந்தப் புரதத்தோட மரபணுவுல ஒரு பிழை. புரதம் பாதிதான் உருவாகுது. அதனாலதான் பேச்சு வரல, வலிப்பும் வருது."

பூங்கோதை மெதுவா கேட்டா... "விழுந்தா அப்படி ஆகுமா டாக்டர்?"

"யாரும்மா விழுந்தா?"

"நான்தான்... ஆறாம் மாசம்."

"இது கரு உண்டாகும்போதே வந்த மாற்றம்மா. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்தப் பிழை இல்ல, பிள்ளைக்குப் புதுசா தானா வந்தது. நீங்க விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தமே... இல்லையா?"

தவசி அவ கையைப் பிடிச்சுக்கிட்டான். "ஏன் கோதை எங்கிட்ட சொல்லல?"

"நீங்களும் அதையே கேட்டுருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க."

ஊருக்குத் திரும்புற பஸ்ஸுல இனியா மடியில தூங்குறா. பூங்கோதை பேச ஆரம்பிச்சா... "ஏங்க, மழையில நனைஞ்சுக்கிட்டே விருதுநகர் போய் எனக்கு எண்ணெய் பரோட்டா வாங்கிட்டு வந்தீங்களே... ஞாபகம் இருக்கா? வளைகாப்புக்கு உங்க அக்கா தன் கை வளையலையே கழட்டிப் போட்டுச்சே... நீங்க வயித்துல காதை வச்சு, உள்ள பாப்பா கபடி ஆடுதுன்னு சொன்னீங்களே..."

தவசி சிரிக்கிறான், கண்ணைத் துடைச்சுக்கிறான். இத்தனை வருஷமா அந்த மாசங்களைப் பத்தி அவ வாயே திறந்ததில்ல. எப்படித் திறப்பா? நினைச்சாலே தப்பைத் தேடித்தானே போனா?

இனியாவுக்கு இன்னும் பேச்சு வரலைங்க. மாத்திரையில வலிப்பும் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

பிறகு எதுக்கு இந்தக் கதை? இங்க வந்திருக்கிற அம்மாக்களே, அப்பாக்களே... நம்ம பிள்ளைக்காகக் காத்திருந்த காலம் நமக்கு நல்ல காலம். அதுல போய் குத்தம் தேடாதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அந்த நாட்களைப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசுங்க... பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பேசுங்க. அதுவும் கேக்கட்டுமே... தான் வரப்போறது தெரிஞ்சப்போ வீட்டுல எவ்வளவு சந்தோஷப்பட்டாங்கன்னு.