மாத்திரையை விட்ட சாட்சி

இல்லம்மா, அப்படி நின்னுக்கிட்டே இருக்காதே, அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காரு. என் கை ஈரமா இருக்கு, இல்லன்னா நானே இழுத்துப் போட்டிருப்பேன். நாளைக்கு அடக்கம் முடிஞ்சு நூத்தம்பது பேரு இந்தச் சபை ஹால்ல வந்து சாப்பிடணும். உருளைக்கிழங்கு இன்னும் அரை மூட்டை உரிக்கக் கிடக்கு. கூட வரேன்னு சொன்ன ஒடெஸ்ஸா பூக்கடைக்குப் போறேன்னு போனவ, போனவதான். நீ ஒண்ணும் தொடாதே. அப்பன் சவப்பெட்டியில கிடக்கும்போது மகள சமையல்கட்டுல வேலை வாங்கினா இந்த வெர்னெல்னு ஊரு பூரா பேசும்.

அந்த டப்பாவையெல்லாம் பைக்குள்ள வச்சிரு ரொஷெல். பாத்துட்டேன். நாலு டப்பா. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. ஒண்ணுகூட மூடி திறக்கல. ஆன்ட்டி, அப்பா ஏன் பிரஷர் மாத்திரைய நிறுத்துனாருன்னு கேக்குற. நியாயமான கேள்விதான்.

உங்கப்பா பிடிவாதக்காரருன்னு உனக்குத் தெரியாதா? அந்த மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒருக்கா பாத்ரூம் போக வேண்டியிருக்குன்னு புலம்புவாரு. நம்ம சபையில ஆராதனை மூணு மணி நேரம், பாஸ்டருக்கு உற்சாகம் வந்துட்டா நாலு. மனுஷன் பாதிப் பிரசங்கம் கக்கூஸ்லயே கேட்டிருக்காரு. அதனால நிறுத்தியிருக்கலாம். என்ன? தலையாட்டுற. அதனால இல்லையா?

போன்ல சொன்னாரா? எப்போ? ஈஸ்டருக்கு அடுத்த வாரமா. என் பேரச் சொன்னாரா? சிஸ்டர் வெர்னெல் விட்டுட்டா, நானும் விடப் போறேன்னு.

ம். அப்படியா சொன்னாரு.

இரு, இந்தக் கிழங்க தண்ணியில போட்டுக்கிறேன், கறுத்துப் போயிடும்.

நீ மில்வாக்கிக்குப் போனதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. ஒரே வருஷத்துல இந்தச் சபையில பதினோரு அடக்கம். எல்லாம் சக்கரை, பிரஷர், இதயம். கவுன்ட்டி சுகாதார ஆபீஸ்லேர்ந்து ஒரு நர்ஸ் பொண்ணு வந்து நோட்டீஸ் குடுத்துச்சு. இருபத்தி நாலு வயசு, துடைப்பக்குச்சி மாதிரி இடுப்பு. உப்பைக் குறைங்க, நடங்கன்னுச்சு. நம்ம ஆளுங்க மரியாதையா கேட்டுட்டு, அந்த நோட்டீஸ்லயே பொரிச்ச கோழிய வச்சு எண்ணெய ஒத்திச் சாப்பிட்டாங்க. அப்பதான் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டாரு. சிஸ்டர், சொல்றதுக்கு ஆளு நிறைய இருக்கு, செஞ்சு காட்ட ஒரு ஆளு வேணும், நீங்க செய்யுங்கன்னாரு. ஏன் நான்? நான் அப்ப எரநூத்தி நாப்பது பவுண்டு. நான் மெலிஞ்சா எவளும் சாக்கு சொல்ல முடியாதுல்ல.

செஞ்சேன். ரோஷம் எனக்கு ஜாஸ்தி. நம்ம டெல்டா வெயில்ல வெளிய நடக்க முடியாதுன்னு இதே ஹால்ல சேரையெல்லாம் ஓரங்கட்டிட்டு ரவுண்டு ரவுண்டா நடந்தேன். முதல் வாரம் நான் மட்டும். அப்புறம் ரெண்டு பேரு, ஆறு பேரு. உங்கப்பா கதவுகிட்ட நின்னு கேலி பண்ணுவாரு. முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே ஊரச் சுத்தினவன் நான், என்னையப் போயி நடக்கச் சொல்றியேம்பாரு. கீரையில பன்னிக்கால் போடுறத நிறுத்தி வான்கோழி போட்டேன். ஒரு வாய் வச்சுட்டு, சிஸ்டர், இந்தக் கீரை இப்பத்தான் ஞானஸ்நானம் எடுத்துட்டு தண்ணியிலேர்ந்து ஏறி வருது போல, ஒரு பாவமும் ஒட்டலன்னாரு. அப்படியே சிரிச்சுக்கிட்டே தட்டக் காலி பண்ணுவாரு. நல்ல மனுஷன்.

நாப்பத்தஞ்சு பவுண்டு இறங்குனேன். போன அக்டோபர்ல டாக்டரம்மா பிரஷர் பாத்துட்டு, நல்லா இருக்கே வெர்னெல், மாத்திரைய நிறுத்திப் பாப்போமான்னாங்க. அந்த ஞாயித்துக்கிழமை, தேவன் நமக்குச் செஞ்சத எழுந்து சொல்ற சாட்சி நேரத்துல எழுந்தேன். காலி டப்பாவ கையில தூக்கிப் பிடிச்சு, பன்னெண்டு வருஷமா என்னைக் கட்டிப் போட்டிருந்த சங்கிலி இது, என் தேவன் அறுத்துட்டாருன்னு சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஆர்கன்காரன் பாட்டப் புடிச்சுக்கிட்டான். ஒடெஸ்ஸா செருப்ப உதறிட்டு நடுவழியில ஓடுறா. பாஸ்டர் அழறாரு. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. அன்னிக்கு நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் கிடையாது ரொஷெல், அத நீ நம்பணும்.

அப்புறம் என்ன, என் போட்டோவப் போட்டு வாசல்ல பேனர். அந்தா, ஜன்னல் வழியா தெரியுதே, அதுதான். அடுத்த வாரம் நடக்க நாப்பது பேரு. பக்கத்து ஊர்ச் சபைக்காரங்க என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. என்னைப் பாத்து எத்தனை பேரு கோக் குடிக்கிறத விட்டாங்க தெரியுமா? நல்லதும் நடந்துச்சும்மா. எல்லாமே வீணுன்னு சொல்லிடாதே.

உங்கப்பாவும் ஜனவரியில சேந்தாரு. கடைசி ஆளா வருவாரு, முதல் ஆளா உக்காருவாரு. ஈஸ்டர் முடிஞ்சு ஒரு சனிக்கிழமை, நடந்து முடிச்சு சேரையெல்லாம் திரும்பப் போட்டுக்கிட்டிருக்கோம். பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டாரு. சிஸ்டர், மறைக்காம சொல்லு, நெசமாவே இப்ப ஒரு மாத்திரையும் இல்லையான்னு.

நான் என்ன சொன்னேனா? நடங்க பிரதர், நடங்கன்னேன். முதுகுல ஒரு தட்டு தட்டினேன். அவ்வளவுதான். இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. போன செவ்வாக்கிழமை தபால் பெட்டிகிட்ட விழுந்துட்டாரு, தலையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம்னு ஒடெஸ்ஸா போன் பண்ணப்ப, எனக்கு முதல்ல அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்துச்சு. அன்னியிலேர்ந்து சோறு இறங்கல. எனக்குப் பயமா இருக்கும்மா.

அழாதே. நீ ஏன் மன்னிப்பு கேக்குற? நீ அங்க வேலை பாக்குற, தினம் போன் போட்டு மாத்திரை போட்டியான்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? உன் மேல தப்பு இல்ல. திரும்பவும் சொல்றேன், உன் மேல தப்பு இல்ல.

ஆமா, நாளைக்கு அடக்கத்துக்கான நிகழ்ச்சி நிரலப் பாத்தேன். என் பேரு இருக்கு, பக்கத்துல தயவுசெய்து ரெண்டு நிமிஷம்னு அச்சடிச்சிருக்கு. இந்த ஊர்ல அத எவன் மதிச்சான், டீக்கன் ஹாலிஸ் ரெண்டு நிமிஷத்துல தொண்டையக் கனைச்சே முடிக்க மாட்டாரு. நான் என்ன பேசணும்ங்கிற?

ஓ.

சிஸ்டர் வெர்னெல் உடம்பு வேற, எங்கப்பா உடம்பு வேற, அவங்களால முடிஞ்சது எல்லாருக்கும் முடியாது, யாரும் அவங்களப் பாத்து மாத்திரைய விட்டுடாதீங்கன்னு, அத நானே என் வாயால சொல்லணும்ங்கிற. நான் சொன்னாத்தான் கேப்பாங்க. ரொம்ப யோசிச்சுத்தான் கேக்குற. உங்கம்மா இருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பா, யாரையும் நோகடிக்காம.

அந்தக் கத்திய இப்படிக் குடு. இல்ல, வேணாம், அங்கயே இருக்கட்டும்.

ரொஷெல், அந்த மாதிரி நான் சொல்ல மாட்டேன். கோவப்படாதே, முழுசாக் கேளு. உங்கப்பாவுக்கு ஒரு உடம்பு, எனக்கு ஒரு உடம்புன்னு தேவன் தனித்தனியா செஞ்சு வைக்கல. இப்ப பேனர்ல சிரிக்கிறேனே, அது தொங்கி ரெண்டாவது மாசம், டிசம்பர்ல, டாக்டரம்மாகிட்டப் போனேன். பிரஷர் நூத்தி எழுபத்தெட்டு. ரெண்டு கையிலயும் பாத்தாங்க, அஞ்சு நிமிஷம் படுக்க வச்சுப் பாத்தாங்க, அதேதான். நீங்க தப்பு பண்ணல வெர்னெல், நடந்துக்கிட்டே மாத்திரையும் போடுங்கன்னாங்க. அவங்களுக்கு அது சாதாரணம். நான் வந்து கார்லயே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். குடுத்த சாட்சிய ஒருத்தர் எழுந்து திருப்பி வாங்கி நம்ம சபையில நீ பாத்திருக்கியா? சங்கிலி மறுபடியும் மாட்டிக்கிச்சுன்னு சொன்னா ஆர்கன்காரன் எந்தப் பாட்ட வாசிப்பான்? அடுத்த ஞாயிறு சொல்லிடலாம், கிறிஸ்மஸ் முடியட்டும், புது ஆளுங்க சேந்திருக்காங்க, அவங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு தள்ளித் தள்ளியே போட்டேன். இங்க மருந்துக்கடையில நிக்கிற பையனோட அம்மா நம்ம பாடகர் குழுவுல இருக்கா. அதனால கிரீன்வில் வரைக்கும் கார் ஓட்டிப் போயி வாங்குறேன்.

உன் மடியில அந்தப் பைக்குள்ள இருக்கே, அதே மாத்திரைதான். வெள்ளை, குட்டியா இருக்கும். தினம் காபியோட போட்டுக்குவேன். இன்னிக்குக் காலையிலகூடப் போட்டுட்டுத்தாம்மா வந்தேன்.